பிரீகால்குலஸ் பாடத்துக்கு ஆறு பக்க விதித்தாள் கொடுத்திருக்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செம்பனைக்கன்று எழுதியது:

அக்காமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். நான் மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் இங்கே படித்து, மீதியை அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளும் படிப்பு. எனக்குக் கணினிப் பொறியியல் மேல் ஆசை. அதற்கு முதல் படி பிரீகால்குலஸ், அதாவது கால்குலஸுக்கு முன்னால் படிக்கும் கணிதம். எஸ்.பி.எம்.மில் கணிதம் ஏ, கூடுதல் கணிதம் டி. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் இதையெல்லாம் கேட்க ஆள் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

முதல் நாளே ஆறு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். விரிவுரையாளர் அதைப் பத்து நிமிஷத்தில் புரட்டிக் காட்டிவிட்டு, "எல்லாம் இதில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். நானும் பைக்குள் வைத்துவிட்டேன். போன வாரம்தான் அதை வெளியே எடுத்தேன்.

நடந்தது இதுதான். காலை 8 மணி வகுப்பு, நான் பஸ்ஸில் போகிறேன். அன்று காந்தான் பக்கம் ஒரு லோரி குறுக்கே நின்று ரோடே அடைத்துவிட்டது. போய்ச் சேரும்போது 8.35. முதல் குவிஸை, அதாவது வகுப்பில் வைக்கும் சின்னத் தேர்வை, 8 மணிக்கு வைத்து 8.20-க்குத் தாளை வாங்கிவிட்டார்கள். வகுப்பு முடிந்ததும் அவரிடம் சொல்லலாம் என்று நின்றேன். இரண்டு பேர் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை, வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தால், தவறவிட்ட குவிஸ் மறுபடி வைக்கப்படாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

தாளில் உள்ளதை எனக்குப் புரிந்த அளவுக்குத் தமிழில் போடுகிறேன். 4 கிரெடிட், 14 வாரம், வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 2 மணி நேரம். இணையத்தில் செய்யும் வீட்டுப்பாடத்துக்கு 15 விழுக்காடு, குவிஸுக்கு 15, இரண்டு இடைத்தேர்வுகளுக்குத் தலா 20, இறுதித் தேர்வுக்கு 30. மொத்தம் 10 குவிஸ், அதில் புள்ளி குறைந்த இரண்டைக் கழித்துவிடுவார்கள். 80 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது. 15 நிமிஷத்துக்கு மேல் மூன்று தடவை தாமதமாக வந்தால் ஒரு நாள் வராத கணக்கு. அடுத்து கால்குலஸ் எடுக்க வேண்டுமானால் இதில் குறைந்தது சி, அதாவது 70 வேண்டும். வழிமுறை காட்டாத விடைக்குப் புள்ளி கிடையாது. சில குவிஸ்களுக்குக் கால்குலேட்டர் கூடாது. சமய நாளுக்காகத் தேதி மாற்ற வேண்டியிருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது மூன்றாம் வாரம். இரண்டாவது இடைத்தேர்வு தீபாவளிக்கு மறுநாள் காலை 8 மணிக்கு விழுகிறது, தீபாவளிக்கு நாங்கள் பாட்டி வீட்டில் இருப்போம்.

அந்தக் குவிஸ் போனது போனதுதானா? ஆபீஸ் ஹவர்ஸ் திங்கள், புதன் 2 மணி முதல் 4 மணி வரை என்று இருக்கிறது, அது பாரம் எதையாவது கொண்டுபோய்க் கொடுக்கும் நேரமா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் துணிக்கடையில் வேலை செய்கிறேன், அதை விட வேண்டி வருமா? கூடுதல் கணிதத்தில் டி வாங்கினவள் இதை முடிக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.


செமோர் அண்ணன் எழுதியது:

தங்கச்சி, நானும் இதே மாதிரிப் படிப்பில் போனவன்தான், இப்போது வேலையில் இருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு என் கதையைச் சொல்கிறேன். எனக்குக் கூடுதல் கணிதத்தில் ஏ. பிரீகால்குலஸ் தலைப்புகளைப் பார்த்ததும், சார்பு, லோகரிதம், திரிகோணமிதி எல்லாம் படிவம் 4, 5-இல் படித்ததுதானே என்று நினைத்தேன். கூடுதல் கணிதத்தில் வகையீடு, தொகையீடு வரைக்கும் போய்விட்டோம், இது அதற்குக் கீழே உள்ள பாடம் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். வீட்டுப்பாடக் கணக்கைக் கைப்பேசியால் படம் பிடித்தால் விடை தரும் செயலி ஒன்று இருந்தது. அதை வைத்து வீட்டுப்பாடத்தில் 100-க்கு 98. முதல் இடைத்தேர்வில் 38.

அந்தத் தாளில் ஒரு கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2-ஐ அடியாகக் கொண்ட லோக் எக்ஸ், அதோடு அதே அடியில் லோக் (எக்ஸ் − 2), இரண்டையும் கூட்டினால் 3. எக்ஸ் என்ன? இரண்டு லோக்கையும் சேர்த்தால் எக்ஸ்² − 2எக்ஸ் − 8 = 0 என்று வரும். எஸ்.பி.எம். காலத்துக் கேசியோ 570 கால்குலேட்டரில் எண்களைப் போட்டேன், 4, −2 என்று இரண்டு விடை வந்தது. இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். 6 புள்ளிக்கு 1 கிடைத்தது. காரணிப்படுத்திய வரி இல்லை. எதிர்மறை எண்ணுக்கு லோக் கிடையாது, அதனால் −2-ஐத் தள்ள வேண்டும் என்ற வரியும் இல்லை. அவர்கள் புள்ளி வைத்திருந்தது அந்த இரண்டு வரிக்கும்தான். வழிமுறை காட்டு என்று தாளில் போட்டிருப்பதை நான் கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பது போல எடுத்துக்கொண்டேன்.

அந்தச் செயலியை நீ தொடவே வேண்டாம். குவிஸ் அறைக்குள் அது கூட வராது. பாடநூல் வாங்கப் பணம் இல்லையென்றால் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் பிரீகால்குலஸ் நூல் முழுக்க இலவசம், இறக்கிக்கொள். ஆனால் வீட்டுப்பாடம் செய்யும் தளத்துக்கு உன் கல்லூரி தனியாகப் பணம் கட்டச் சொல்கிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்.


வெள்ளைப்பலகை எழுதியது:

தங்கச்சி, உன் கேள்வியைக் காலையில் பசியாறும்போது படித்தேன். மத்தியானம் வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். அப்பா பால்மரம் சீவினவர். 16 வருஷமாக வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரியில் பிரீகால்குலஸும் கால்குலஸும் நடத்துகிறேன். உன் கையில் இருப்பது போன்ற தாளை ஒவ்வொரு தவணையும் நானே எழுதுகிறவள். அதனால் அதன் ஒவ்வொரு வரியும் எதற்காக வருகிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் குவிஸ். 10-இல் புள்ளி குறைந்த 2 கழிக்கப்படும் என்று நீயே எழுதியிருக்கிறாய். பஸ் நின்ற நாளுக்கும் காய்ச்சல் வந்த நாளுக்கும்தான் அந்த இரண்டை வைத்திருக்கிறார்கள். மறுதேர்வு இல்லை என்ற கண்டிப்பும், இரண்டைக் கழிக்கும் சலுகையும் ஒன்றுக்கு ஒன்று ஈடு. ஆகவே உனக்கு இன்னும் ஒன்றும் போகவில்லை. மிச்சம் ஒன்று இருக்கிறது, அதைச் சும்மா செலவழித்துவிடாதே. தூங்கு.

வருகையைக் கணக்குப் போட்டுப் பார். 14 வாரத்தில் 28 வகுப்பு. அதில் 80 விழுக்காடு என்றால் 22.4, அதாவது 23 வகுப்புக்கு நீ இருந்தாக வேண்டும். 5 நாள் வராமல் இருக்கலாம், ஆறாவது நாள் இறுதித் தேர்வைக் கொண்டுபோய்விடும். மூன்று தாமதம் ஒரு நாளைத் தின்னும். தோட்டத்தில் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய பேர் போச்சு என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பாய். இங்கே அவ்வளவு கடுமை இல்லை, ஆனால் தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோல் போல இதையும் ஒருவர் எழுதிக்கொண்டேதான் இருப்பார். காலண்டரில் நீயும் எழுதி வை. 8 மணி வகுப்பு நாளில் ஒரு பஸ் முன்னால் ஏறு. காந்தான் சிமெண்டு லோரிகள் எந்தக் காலத்திலும் குறையப்போவதில்லை.

இப்போது ஆபீஸ் ஹவர்ஸ். உன் கேள்வியில் என்னை நிறுத்திய வரி இதுதான், ஏனென்றால் 19 வயதில் நானும் இதையேதான் நினைத்தேன். திங்கள், புதன் 2 மணி முதல் 4 மணி வரை அவர் தன் அறையில் உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். பாரம் வேண்டாம், முன்பதிவு வேண்டாம், தப்பு செய்திருக்கவும் வேண்டாம். இந்தக் கணக்கு எனக்கு மூன்றாவது வரியில் நிற்கிறது என்று நோட்டுப்புத்தகத்தைக் காட்டினால் போதும். நீ கட்டும் கட்டணத்தில் அந்த நாலு மணி நேரமும் அடக்கம்.

ஆனால் நம் பிள்ளைகள் வருவதில்லை. என் அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகச் செய்கிறவர்கள். தோட்டத்தில் ஆபீசு என்றால் என்ன? கூப்பிட்டு அனுப்பினால் போகும் இடம். அப்பா ஆபீசுக்குப் போகும் நாளில் சட்டையை மாற்றிக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், தலை நிமிர்ந்து பார்க்கும் வரை வாசலிலேயே நிற்பார். நான் பின்னால் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிற்பை நானும் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். நீ வகுப்பு முடிந்து அவர் பக்கத்தில் நின்று பேசாமல் திரும்பினாய் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்கு மிக நன்றாகத் தெரிந்த நிற்பு.

அது எனக்கு என்ன விலையானது என்று சொல்கிறேன். முதல் தவணையில் ஓர் இடைத்தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள், மேலே 61 என்று இருந்தது. ராத்திரி பக்கம் பக்கமாகக் கூட்டினேன், 71 வந்தது. நாலாம் பக்கத்துப் புள்ளியில் 10 விட்டுப்போயிருந்தது. மூன்று தடவை கூட்டினேன். புள்ளியில் சந்தேகம் இருந்தால் 7 நாளுக்குள் கேட்க வேண்டும் என்று விதித்தாளில் இருந்தது, அதையும் படித்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் அறை வரைக்கும் இரண்டு நாள் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போகவில்லை. பெரியவர் போட்ட புள்ளியைத் தப்பு என்று சொல்ல நான் யார் என்று தோன்றியது. ஏழு நாளும் போய்விட்டது. கடைசியில் 2 புள்ளி குறைந்து சி கிடைக்காமல், அந்தப் பாடத்தை இன்னொரு தவணை எடுத்தேன். ஒரு தவணைக் கட்டணம் அப்பாவுக்கு எத்தனை நாள் மரம் சீவிய கூலி என்று உனக்குத் தெரியும். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

என் பாட்டி அப்படி இல்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் அமைச்சர் சம்பந்தன் தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பாட்டியும் மாதாமாதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு சேர்ந்தவர். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் சங்கத்திலிருந்து எந்தத் தாள் வந்தாலும் கிராணியிடம் கொண்டுபோய், முழுக்கப் படி என்று உட்கார்ந்துகொள்வாராம். நடுவில் ஒரு வரியை விட்டுப் படித்தால் விரலை வைத்து, இங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாராம். நீ உன் ஆறு பக்கத்தையும் அப்படிப் படி. அதில் உன்னிடம் கேட்பது பாதி, உனக்குத் தர வேண்டியது பாதி. கழிக்கப்படும் இரண்டு குவிஸ், ஆபீஸ் ஹவர்ஸ், புள்ளியைக் கேட்கும் உரிமை, சமய நாள் மாற்று எல்லாம் உனக்குத் தர வேண்டியவை.

தீபாவளிக்கு வருகிறேன். இரண்டு வாரக் கெடு முடிந்துவிட்டது, சரி. ஆனாலும் இன்றைக்கே மின்னஞ்சல் எழுது. நாலு வரி போதும்: நீ யார், எந்த வகுப்பு, தாளின் எந்த விதி, உனக்கு என்ன வேண்டும். கெடுவைத் தவறவிட்டேன், மன்னிக்கவும் என்று ஒரே தடவை சொல், கதை வேண்டாம். மூன்றாம் வாரத்தில் வரும் கடிதத்தை நான் இதுவரை தள்ளியதில்லை. தேர்வுக்கு முந்தின ராத்திரி வரும் கடிதத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை, தாளெல்லாம் அச்சாகியிருக்கும். அவர் மறுத்தாலும் மறுக்கலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. அப்படியானால் தீபாவளி மத்தியானத்தோடு விருந்தை முடித்துக்கொண்டு படிக்க வேண்டியதுதான், அதை இப்போதே பாட்டியிடம் சொல்லி வை.

சனி, ஞாயிறு வேலை. நம் நாட்டுத் தகுதிக் கணக்கில் 1 கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. 4 கிரெடிட்டுக்கு 160. 14 வாரத்தில் வகுத்தால் வாரம் 11 மணிக்கும் மேல். அதில் 4 மணி வகுப்பு, மீதி 7 மணிக்கு மேல் நீயே தனியாக உட்கார வேண்டும். அமெரிக்கக் கணக்கிலும் வகுப்பில் ஒரு மணிக்கு வெளியே இரண்டு மணி என்பார்கள், கிட்டத்தட்ட அதேதான். இது ஒரு பாடத்துக்கு மட்டும். துணிக்கடை வேலையை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் பணம் வீட்டுக்கு எதற்கு வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளாகக் குறைக்க முடியுமா என்று கடை முதலாளியிடம் கேட்டுப் பார்.

வீட்டுப்பாடம் 15 விழுக்காடுதானே என்று நினைக்காதே. ஒரு பிள்ளை வீட்டுப்பாடத்தில் 90, குவிஸில் 70, முதல் இடைத்தேர்வில் 48, அடுத்ததில் 68 வாங்குகிறாள் என்று வை. கையில் 47.2 சேர்ந்துவிடும். 70-ஐத் தொட இறுதித் தேர்வில் 76 எடுத்தால் போதும், கஷ்டம்தான், ஆனால் முடியும். அதே பிள்ளை வீட்டுப்பாடத்தில் பாதியைக் கோட்டைவிட்டு 45 வாங்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் இறுதியில் 98.5 வேண்டும். ஒவ்வொரு தவணையும் இந்தக் கணக்கைப் பன்னிரண்டாம் வாரத்தில் என் அறையில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூன்றாம் வாரத்தில் போட்டுக் காட்டக் கிடைத்தது நீதான்.

டி வாங்கினவள் முடிக்க முடியுமா? முடியும். என் வகுப்பில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் புதுப் பாடத்தில் தோற்பதில்லை, கீழ்ப்படிவங்களில் படித்த இயற்கணிதத்தில் தோற்கிறார்கள். (எக்ஸ் + 3)² என்றால் எக்ஸ்² + 9 என்று எழுதுவார்கள். நீ எழுதுவாயா? ஒரு சதுரக் காய்கறிப் பாத்தி வரைந்து பார். பக்கம் எக்ஸ். அதை நீளத்தில் 3 அடி, அகலத்தில் 3 அடி பெரிதாக்கு. பழைய பாத்தி எக்ஸ்². மூலையில் 3-க்கு 3, அது 9. ஆனால் பழைய பாத்தியை ஒட்டி இரண்டு நீளத் துண்டு புதிதாக வந்திருக்கிறதே, ஒவ்வொன்றும் 3எக்ஸ். அந்த 6எக்ஸை விட்டால் இரண்டு பக்கத்து மண்ணும் கணக்கில் இல்லை. இந்தப் பிழை உன்னிடம் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து தீர்த்துவிடு. பின்னம், அடுக்குக்குறி, காரணிப்படுத்தல், இந்த மூன்றும் கைக்குள் இருந்தால் பத்தாம் வாரம் வரும் திரிகோணமிதி முற்றொருமைகள் உன்னைப் பயமுறுத்தாது. துருவ ஆயங்கள், கலப்பெண், கூம்பு வெட்டு எல்லாம் கூடுதல் கணிதத்தில் ஏ வாங்கினவர்களுக்கும் புதுசுதான். அங்கே எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பீர்கள்.

புதன் 2 மணிக்கு அவர் அறைக்குப் போ. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் குவிஸ் தாளைக் கேள், அந்தக் கேள்விகளை நான் செய்து பார்க்க வேண்டும் என்று சொல். போய்விட்டு வந்து இங்கே எழுது.


லோரிக்காரர் எழுதியது:

என் மூத்தவன் போன வருஷம் இதே மாதிரி ஒரு பாடத்தில் மாட்டிக்கொண்டான். கடைசி வரை வீட்டில் சொல்லவில்லை. டீச்சரம்மா, பாடத்தை நடுவில் விடலாம் என்கிறார்களே, அது எப்படி? நல்லதா கெட்டதா? மகளே, உன் அப்பாவும் லோரி ஓட்டுகிறார் என்கிறாய். புள்ளி குறைந்தால் அவரிடம் சொல்லிவிடு அம்மா. நாங்கள் திட்டுவோம், அப்புறம் ஏதாவது வழி பார்ப்போம். தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.


வெள்ளைப்பலகை எழுதியது:

அண்ணே, அதற்கும் ஒரு கடைசித் தேதி தாளிலேயே இருக்கும். ஆரம்ப வாரங்களுக்குள் நீக்கினால் பாடமே எடுக்காத கணக்கு. அதற்குப் பிறகு விலகினால் புள்ளிப் பட்டியலில் விலகியதாக ஒரு குறி விழும், சராசரியைக் குறைக்காது, ஆனால் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. அந்தத் தேதியும் தாண்டினால் தோல்வி தோல்விதான், சராசரியை இழுத்துவிடும். கல்விக் கடன் வாங்கியிருந்தால் விலகுவதற்கு முன் கடன் கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். முதல் இடைத்தேர்வுப் புள்ளி வந்த அன்றே இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். உங்கள் மகன் திரும்ப எடுக்கிறானா? எடுத்தால் இங்கே எழுதச் சொல்லுங்கள், நான் பார்க்கிறேன்.


செம்பனைக்கன்று எழுதியது:

அக்கா, புதன் போனேன். கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உங்கள் 71 ஞாபகம் வந்தது, தட்டிவிட்டேன்.

அவர் என் பேரைக் கேட்டார், எங்கிருந்து வருகிறாய் என்றார், சுங்கை சிப்புட் என்றதும் எத்தனை மணி பஸ் என்றார். குவிஸ் மறுபடி கிடையாது, ஆனால் அது கழியும் இரண்டில் ஒன்று என்று நீங்கள் சொன்னதையே அவரும் சொன்னார். தாளைக் கொடுத்து அங்கேயே செய்யச் சொன்னார். ஐந்து கேள்வியில் மூன்று சரி. பாத்தி வரைந்து பார்த்ததால் 6எக்ஸை விடவில்லை! இடைத்தேர்வுத் தேதியை மாற்ற முடியாது, ஆனால் அதே நாள் மத்தியானம் 2 மணிக்கு இன்னொரு பிரிவுக்கு வைக்கிறார்கள், அவர்களோடு உட்காரலாம் என்று பதில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. பாட்டி வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் போதும். கடையில் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டேன். அப்பாவிடமும் எல்லாம் சொன்னேன். தாளை வாங்கி ஆறு பக்கத்தையும் புரட்டிவிட்டு, சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.

அடுத்த குவிஸ் கால்குலேட்டர் இல்லாமல், அலகு வட்டம். சைன் 150 பாகை 1/2 என்று வருகிறது, புரிகிறது. கோசைன் 150 பாகைக்கு மட்டும் ஏன் கழித்தல் குறி வருகிறது? 30 பாகைக்கு வந்ததுதானே வர வேண்டும்?


வெள்ளைப்பலகை எழுதியது:

தட்டினாயே, அதுதான் எனக்கு வேண்டும். மகிழ்ச்சியில் இந்தப் பக்கம் ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்.

வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார். 3 மணி இருக்கும் இடம் 0 பாகை. அங்கிருந்து முள்ளுக்கு எதிர்த்திசையில் மேலே போ, ஒவ்வொரு மணிக்கும் 30 பாகை. 2 மணி 30 பாகை, 1 மணி 60, 12 மணி 90, 11 மணி 120, 10 மணி 150. அலகு வட்டம் என்பதால் முள்ளின் நீளம் 1 என்று வை. முள்ளின் நுனி நடுவிலிருந்து எவ்வளவு உயரம் என்பது சைன், எவ்வளவு வலம் இடம் என்பது கோசைன். 10 மணியும் 2 மணியும் ஒரே உயரத்தில் இருக்கின்றன, அதனால் சைன் இரண்டுக்கும் 1/2. ஆனால் 10 மணி நடுவுக்கு இடப்பக்கம். இடப்பக்கம் என்றால் கழித்தல். 30 பாகைக்கு 3-இன் வர்க்கமூலத்தில் பாதி, 150 பாகைக்கு அதே அளவு, கழித்தல் குறியோடு.

இப்போது 210 பாகையும் 330 பாகையும் எந்த மணியில் நிற்கின்றன என்று பார்த்து, இரண்டுக்கும் சைன், கோசைன் எழுதி நாளைக்கு இங்கே போடு. வழிமுறையோடு.